ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்

மலைக்கு ஏற்றிச் செல்லும் லிப்டின் கதிரை பின்னால் வந்து முழங்கால் மடிப்பில் இடித்து ஏற்றிக்கொண்டதும் தவநேசனின் இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. தொங்கின என்று சொல்லவும் கொஞ்சம் பாரம் வேண்டும். காலில் பூட்டியிருந்த இந்தப் பனிச்சறுக்கு ஸ்கீக்களில் அது இல்லை. முந்தாநாள் பெட்டியில் வந்திறங்கியபோது, பூட்டுப் பொருத்துவதற்கு முன்னால், கடையின் கீழ்த்தளத்துத் தராசில் ஒன்றை வைத்துப் பார்த்தான். ஆயிரத்து நானூற்று இருபது கிராம். தராசில் நம்பிக்கை வராமல் மற்றதையும் வைத்தான். ஆயிரத்து நானூற்றுப் பதினாறு. வாடகைக்குக் கொடுக்கும் ஸ்கீ ஒவ்வொன்றும் இரண்டு கிலோவை எட்டிப் பிடிக்கும். மலைக்கு மேலே போய்ச் சேருவதற்குள் தொடை இழுபட்டு, காலைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிடலாமா என்றிருக்கும். இதுவோ வீட்டுச் செருப்பைப்போல் பேசாமல் கிடந்தது. கறுப்பு நிறம், நுனியில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் எண்பத்தெட்டு மில்லிமீற்றர் அகலம், நூற்று அறுபத்துநாலு சென்ரிமீற்றர் நீளம். அந்த நீளம் அவனுக்குக் கட்டை. இதைத்தான் ஓடிப் பார்க்கப் போகிறேன் என்று காலையில் சொன்னபோது, கடைக்காரர் ரெட்டோ கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தாரே தவிர ஏன் என்று கேட்கவில்லை. அது யாருடைய நீளம் என்று அவருக்குத் தெரியும். சுவிஸ் மலைகளின் இந்தப் பள்ளத்தாக்கில், அந்தக் கடையில், தவநேசன் வேலைக்கு வந்து இருபத்துமூன்று வருஷம். மார்ச் மாதமானால் அடுத்த குளிருக்கான மாதிரிகள் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் அவன் ஓடிப் பார்த்து, ஒரு தாளில் புள்ளி போட்டுக் கொடுப்பான். அவன் ஐந்துக்கு மூன்று போட்ட ஸ்கீயை ரெட்டோ கடைக்குள் எடுத்ததில்லை. ஆனால் இன்றைக்கு அவன் கால்களில் கிடந்தது கடைக்கான ஸ்கீ அல்ல. அவனுடைய மகள் ஆரபிக்கான ஸ்கீ.

அப்பா, எனக்கு ஒரு ஸ்கீ பார்த்து வையுங்கோ, லேசானதா, எல்லாத்துக்கும் போறதா. போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் புட்டைப் பிசைந்துகொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். இரண்டு வருஷமாய் அந்த வீட்டில் ஸ்கீ என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. அவனுடைய தொழிலே அதுவாயிருந்தும் வேலை, கடை, கீழ்த்தளம் என்று சுற்றி வளைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். மனைவி வதனி கறிக் கரண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். அவனுக்குப் புட்டு இறங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் சாப்பாடு இறங்காவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளை பதினொன்று நாற்பது பஸ்ஸில் வருகிறாள். இப்போது ஒன்பது ஐம்பது. அதற்குள் ஸ்கீயைப் பற்றி ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஸ்கீயைப் பற்றி மட்டுமென்றால் ஒரே ஓட்டத்தில் சொல்லிவிடுவான்.

கதிரை மூன்றாவது தூணைக் கடகடவென்று தாண்டியது. கீழே ஸ்கீயின் நடுவில் அவனுடைய சப்பாத்தைக் கவ்விப் பிடித்திருந்த பூட்டுத் தெரிந்தது. ஜெர்மன் பேச்சில் அதற்கு வேறு பெயர். ஆரபி நாலு வயதில் முதன்முதல் ஸ்கீ கட்டியபோது அவன் பூட்டு என்று சொல்லிக் கொடுத்தான், அந்த வீட்டில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு எண், பக்கத்தில் ஒரு திருகாணி. ஆள் விழும்போது கால் முறுகுமல்லவா, அந்த முறுக்கு எண்ணைத் தாண்டினால் பூட்டு டக் என்று திறந்து காலை விட்டுவிடும். எண் குறைந்தால் ஓட்டத்தின் நடுவிலேயே ஸ்கீ கழன்று போகும். எண் கூடினால் ஸ்கீ காலை விடாது, கால்தான் தன்னை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த எண்ணை யாரும் நினைத்தபடி வைக்க முடியாது, அதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், பிறகு எந்த வகை ஓட்டக்காரர் என்ற கேள்வி: பயந்து ஓடுகிறவர் ஒன்று, நடுத்தரம் இரண்டு, பறக்கிறவர் மூன்று. கடைக்கு வருகிற ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் மூன்று. வாடகைச் சப்பாத்தின் இடக்கால் எது வலக்கால் எது என்று தெரியாதவனும் நெஞ்சை நிமிர்த்தி மூன்று என்பான். பெண்கள் நிறையில் நாலு கிலோவைக் கழித்துச் சொல்வார்கள். தவநேசன் மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொள்வான். தாளில் பொய் சொல்வதைப் பற்றி அவன் யாரைக் குறை சொல்வது? முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அகதி விண்ணப்பத்தில், வயதைக் குறைத்துச் சொன்னால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பத்தொன்பதைப் பதினாறு என்று எழுதினவன்தானே. அந்தப் பதினாறு இப்போது கடவுச்சீட்டில் நாற்பத்தெட்டாகி நிற்கிறது. அம்மா பெற்ற கணக்கில் ஐம்பத்தொன்று. ஐம்பதைத் தாண்டினால் அட்டவணையில் ஒரு வரி கீழே இறங்க வேண்டும், எலும்பு பழசாகிவிட்டது என்று அர்த்தம். அவன் இறங்கவில்லை. தாளில் நாற்பத்தெட்டு. இப்போது காலில் இருக்கிற பூட்டும் நாற்பத்தெட்டு வயதுக்காரனின் முழங்காலுக்காகப் பூட்டியது. அந்த நினைப்பு வந்ததும் முழங்காலில் ஒரு குளிர் ஏறியது, காற்று என்று சொல்லிக்கொண்டான்.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து உருவிக்கொண்டு எடுத்தான். "அப்பா, ட்ரெயின் மாறீட்டன். பஸ்ஸைப் பிடிச்சிடுவன்," என்றாள் ஆரபி. பின்னால் நிலையத்து அறிவிப்பு இரைந்தது. "எங்க நிக்கிறியள், காத்து ஊதுது?" லிப்டில், என்றான். "ஓ, அதிலயோ? அந்த ஸ்கீயிலயோ? எப்பிடி இருக்கு?" லேசாக இருக்கிறது, இன்னும் ஓடவில்லை என்றான். "லேசா இருந்தாக் காணும். நான் இனி வேகமா ஓடப்போறேல்லைத்தானே. எனக்கெல்லாம் அது சரிவராது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கெல்லாம் என்றாளே. எட்டு வயதில் இந்த மலையின் ஆகச் செங்குத்தான கறுப்புப் பாதையில் கத்திக்கொண்டு நேரே இறங்கினவள், பன்னிரண்டு வயதில் பள்ளத்தாக்கின் ஸ்கீக் கழகத்தில் சேர்ந்தவள், வகுப்பில் ஒரே கறுத்தப் பிள்ளையாயிருந்தும் ஸ்கீயில் நின்றால் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்த்து ஏன் என்று கேட்காத அளவுக்கு ஓடினவள், அவள் சொல்கிறாள் எனக்கெல்லாம் என்று. "கவனமா வா பிள்ளை," என்றான். வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் வைத்துவிட்டாள். விரல் விறைத்துப்போயிருந்தது. கையுறைக்குள் திரும்ப நுழைக்க நேரமெடுத்தது.

மேலே இறங்கி, கைத்தடிகளை மணிக்கட்டில் மாட்டி, சூரியன் இன்னும் தொடாத சரிவில் முதல் ஓட்டத்தைத் தொடங்கினான். முதலில் சமப்படுத்திய பாதை, அதுதான் முறை. இரவு இயந்திரம் வாரிவிட்ட வரிகள் இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்தன. லேசான ஸ்கீயை முதலில் இங்கேதான் பிடிக்க வேண்டும். பஞ்சுப் பனியில் எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீ, இறுகல்தான் வண்டவாளத்தைச் சொல்லும். இடது விளிம்பில் சாய்ந்தான். பிடித்தது. வலதில் சாய்ந்தான், பிடித்தது, கொஞ்சம் பிந்தித்தான், ஆனால் பிடித்தது. திரும்பு என்று நினைத்த கணத்திலேயே திரும்பியது, தொடையால் தள்ள வேண்டியிருக்கவில்லை, கணுக்காலை மடித்தால் போதும். அவளுடைய தொடைக்கு இது நல்லது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடது தொடை வலதைவிட மெலிந்துதான் கிடக்கிறது, கட்டைக் காற்சட்டை போட்டால் தெரியும், அதனாலேயே அவள் போடுவதில்லை. வேகத்தைக் கூட்டினான். இப்போது முன்நுனி இரண்டும் நடுங்கத் தொடங்கின, பனியின் ஒவ்வொரு வரியையும் காலுக்குச் சொல்லின. பாரமான ஸ்கீ வாயை மூடிக்கொண்டு போகிற இடத்தில் இது தொணதொணத்தது. வேகத்தில் நிலை: மூன்றரை. அவள் மூன்றரைக்கு மேல் ஓடமாட்டாளா? எனக்கெல்லாம். நாலு என்று போடலாமா, இல்லை, ஸ்கீக்குப் பொய்ப் புள்ளி போடக்கூடாது, ஒரு பொய் போதும், ஒரு பொய்யே இரண்டு குளிர்காலத்துக்குப் போதும். வளைவில் கொஞ்சம் பின்னால் சரிந்துவிட்டான். உடனே உடம்பை முன்னால் இழுத்தான். பின்னால் இருந்திட்டாள். கழகத்துப் பயிற்சிக்காரர் சொன்ன சொல் அது, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, ஆறுதல் என்று நினைத்து: நல்ல பிள்ளை, ஆனால் உடம்பைச் சாய்த்துப் பின்னால் இருந்துவிட்டாள், பின்னால் இருந்தால் முழங்கால் போகும், அவ்வளவுதான். அதை ஆரபியிடமும் சொன்னார். ஆரபி அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

பாதி மலையில் நின்றான். மூச்சு வாங்கியது என்பது பாதி உண்மை. இங்கிருந்து இடப்பக்கமாகப் போனால் மேடு பள்ளமான சரிவு, சோதனைத் தாளில் அதற்கும் ஒரு பெட்டி உண்டு. வலப்பக்கமாகப் போனால் காடு, வடக்குப் பார்த்த பக்கம், பஞ்சுப் பனி. இடப்பக்கத்தில் அந்த வேலி இருக்கிறது. இரண்டு வருஷமாக அவன் இடப்பக்கம் போகவில்லை. மேடு பள்ளத்துக்கு வேறு மலையில் வேறு சரிவு தேடிப் போவான், ரெட்டோவிடம் அங்கே பனி நல்லது என்பான். அவரும் தலையாட்டுவார். இன்றைக்கு ஏனோ ஸ்கீ தானாகவே இடப்பக்கம் திரும்பியது. கணுக்காலை மடித்தால் போதும் என்று சொன்னோமே, அதுதான். யாருடைய கணுக்கால் மடிந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

செம்மஞ்சள் வலை வேலி. அன்றைக்கு அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான், இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜனவரி, காலை பதினொரு மணி, வெயில். வேலையிலிருந்து ஒரு மணித்தியாலம் கேட்டு ஏறி வந்திருந்தான். மேலே, வளைந்து வளைந்து ஓடுவதற்காக நட்ட சிவப்பு, நீலக் கம்பங்களுக்கு நடுவே ஆரபி வந்தாள். வருவது அவள் என்று தலைக்கவசத்தைப் பார்த்து அல்ல, இடுப்பு வளைகிற விதத்தைப் பார்த்துச் சொல்வான். ஆறாவது கம்பம். ஏழாவது. உள்கால் ஸ்கீ எதிலோ தட்டியது, அவள் பின்னால் சரிந்தாள், சரிந்தவள் எழும்பப் பார்த்தாள், அப்போது இடது ஸ்கீ தன் பாட்டுக்கு வேறு திசையில் புறப்பட்டது. அந்த இடத்தில் அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். டக் என்று வரவேண்டும். இப்போது வரும். இப்போது. உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது, ஸ்கீ காலோடேயே சுற்றியது, ஒரு தரம், இரண்டாம் தரம், பனித்தூள் எழும்பி அவளை மூடியது, தூளுக்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் வரவில்லை. தூள் அடங்கியபோது அவள் கிடந்தாள், ஸ்கீ காலில் இருந்தது, கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அந்தக் கணத்திலும், பிள்ளை என்று கத்திக்கொண்டு வலைக்கு மேலால் பாய்ந்த அந்தக் கணத்திலும், அவன் மண்டைக்குள் ஓடியது பூட்டின் எண்தான். ஏழு. ஏழு. ஏழு. இப்போது மேடுகளில் குதித்திறங்கிக்கொண்டு அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்கீ மேடுகளுக்கு நடுவே பூனைபோல் நுழைந்து நுழைந்து வந்தது, லேசு என்பதால் தூக்கி வைக்கச் சுலபம். மேடு பள்ளம்: நாலரை. ஏழு.

ஏழு எப்படி வந்தது? அதற்கு முந்தின வாரம் போட்டியில் நாலாவது கம்பத்தில் அவளுடைய ஸ்கீ கழன்று போனது. விழவில்லை, ஒன்றுமில்லை, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள். வரும்போதே அழுதாள். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் அவனைப் பார்த்தார்கள். கடையில் பூட்டுப் போடுகிறவன் மகளின் பூட்டே கழன்றுவிட்டதாம் என்று ஒருவர் சிரித்தார், கெட்ட மனிதர் அல்ல, சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது. காரில் ஆரபி சொன்னாள்: அப்பா, கூட்டி விடுங்கோ. பார்ப்பம் என்றான். அட்டவணைப்படி அவளுக்கு ஐந்தரை. கூட்டலாம், கூட்டக்கூடாது என்றில்லை. ஆனால் கடையில் ஒரு முறை உண்டு. அட்டவணைக்கு மேலே வேண்டுமென்றால் தாளில் எழுத வேண்டும், வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும், பதினெட்டு ஆகவில்லையென்றால் தாயோ தகப்பனோ போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகப் பேனையை நீட்டும்போது அவன் எல்லோரிடமும் ஒரு வசனம் சொல்வான்: கொஞ்சம் யோசித்துப் போடுங்கள், முழங்கால் உங்களுடையது. அந்த வசனத்தைக் கேட்டு எத்தனையோ பேர் பேனையைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மத்தியானம், ரெட்டோ சாப்பிடப் போனபின், அவன் மகளின் ஸ்கீயை மேசையில் மாட்டித் திருப்புளியை வைத்தான். ஆறு. ஆறரை. கை நிற்கவில்லை. ஏழு. வேலைக்காரத் தவநேசன் தகப்பன் தவநேசனிடம் பேனையை நீட்டவில்லை, அந்த வசனத்தைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தானே, எதற்குத் தாள் என்று நினைத்தான். தாளில் ஐந்தரை அப்படியே இருந்தது. அவளிடமும் சொல்லவில்லை. இனிக் கழலாது என்று மட்டும் சொன்னான்.

அதையாவது பிழை என்று சொல்லலாம். எந்த மனிதனுக்கும் கை ஒரு அரைச்சுற்றுக் கூடிப் போகலாம். அதற்குப் பிறகு செய்ததற்குப் பெயர் வேறு. மீட்புக்காரர் அவளைக் கொண்டுபோன பிறகு ஸ்கீக்களை ஒருவர் கடைக்குக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவன், சாவியை எடுக்க வந்தவன், கீழ்த்தளத்துக்கு இறங்கி, திருப்புளியை எடுத்து, ஆறரை, ஆறு, ஐந்தரை என்று திருப்பி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினான். கை நடுங்கவேயில்லை, அதுதான் இன்றுவரைக்கும் அவனுக்குப் பயம். அடுத்த நாள் ரெட்டோ ஸ்கீயைப் பூட்டுச் சோதிக்கும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரி, உன்னில் ஒரு பிழையும் இல்லை என்று தோளில் தட்டினார். இப்படி விழும்போது சரியான எண்ணிலும் சிலவேளை திறக்காது என்றார் வைத்தியர். அந்த ஒரு வசனத்தை அவன் எத்தனை தரம் புரட்டிப் பார்த்திருப்பான். சிலவேளை திறக்காது. அப்படியானால் சிலவேளை திறந்திருக்கும். ஐந்தரையில் திறந்திருக்குமா? ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை, அந்த விழுகையைத் திரும்ப எடுத்து ஐந்தரையில் வைத்துப் பார்க்க முடியாது. வதனி பிள்ளைக்குச் சனி பிடித்துவிட்டது என்று வருஷம் முழுக்கச் சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றினாள், அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். விளக்குக்கு முன்னால் கைகூப்பி நின்றபோது அவனுக்குத் தெரியும், சனி மேலேயிருந்து வரவில்லை, திருப்புளியோடு கீழ்த்தளத்தில் நின்றது. இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்த பிள்ளை, மருந்து மயக்கத்தில் நாக்குக் குழற, அவனைத்தான் கேட்டாள்: அப்பா, நீங்கள் கூட்டினனீங்களோ? இல்லைப் பிள்ளை என்றான். ஐஞ்சரைதான்.

இல்லைப் பிள்ளை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்ப என்ர பிழைதான், என்றாள்.

காட்டுப் பக்கம் வந்துவிட்டிருந்தான், எப்போது வந்தான் என்று தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே ஒருவரும் தொடாத பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஸ்கீ அதில் இறங்கியதும் சத்தமெல்லாம் அடங்கிப் போயிற்று. நுனிகள் தாமாக மேலே எழும்பின, அவன் ஒன்றும் செய்யவில்லை, மிதந்தான். ஒரு மரம், அடுத்த மரம், நடுவில் அவன். உடம்புக்குப் பாரமே இல்லை. சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் வந்தது, கண்ணாடிக்குள் கண் கலங்கி வந்தது. இதையல்லவா அவளிடமிருந்து எடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், மரங்களுக்குத் தமிழ் விளங்காது. முழங்காலை எடுத்தது போகட்டும், அதை வைத்தியர் தைத்துத் தந்துவிட்டார். தனக்கு ஓடத் தெரியும் என்று அவள் நம்பினாளே, அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாய் நடக்கிறேன். சொன்னால் அவளுக்கு அது திரும்பக் கிடைக்கும். சொன்னால் அவளுக்கு அப்பா கிடைக்கமாட்டான். இந்த இரண்டையும் தராசில் வைத்தால் எது பாரம் என்று கேட்கக்கூட வேண்டியதில்லை, ஆனாலும் அவன் வைத்து வைத்துப் பார்த்தான், தராசில் நம்பிக்கை வராதவனைப்போல்.

கீழே, கடை வாசல் மர வாங்கில் இருந்துகொண்டு தாளை நிரப்பினான். விளிம்புப் பிடி நாலு. திரும்பும் சுலபம் ஐந்து. வேகத்தில் நிலை மூன்றரை. மேடு பள்ளம் நாலரை. பஞ்சுப் பனி ஐந்து. குறிப்பு என்ற இடத்தில், இறுகிய பனியில் அவசரப்படுத்தினால் முறையிடும், மற்றபடி எங்கும் கூட வரும், காலுக்குப் பாரமில்லை என்று எழுதினான். தாளின் தலையில் சோதித்தவரின் பெயர், நிறை, வயது என்று பெட்டிகள். வழக்கமான நாற்பத்தெட்டை எழுதப் போன கை நின்றது. ஐம்பத்தொன்று என்று எழுதினான். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை; ரெட்டோவின் நாய் வந்து சப்பாத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது பஸ் வளைவில் திரும்பியது.

ஆரபி இறங்கி வந்து ஸ்கீயைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள், பிறகு அவனை. ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஐயோ, ஒண்டுமேயில்லை, பேப்பர் மாதிரி," என்றாள். இரண்டு பேரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். மெழுகு மணமும் ஈரச் சப்பாத்து மணமும் கலந்த அந்த அறையில் அவள் சின்ன வயதில் வீட்டுப்பாடம் செய்த மேசை இன்னும் இருந்தது. மேலே ரெட்டோ யாருக்கோ கையுறை விற்றுக்கொண்டிருந்தார். தவநேசன் ஸ்கீயை மேசையில் மாட்டி, புதுத் தாளை எடுத்து, பேனையைத் திறந்தான். நிறை அறுபது. உயரம் நூற்று அறுபத்தைந்து. வயது பத்தொன்பது.

"எந்த வகை?"

"ஒண்டு போடுங்கோ."

"நீ ஒண்டில்லைப் பிள்ளை."

"ஒண்டு காணும் அப்பா. எனக்கு ஓடத் தெரியும் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தது போதும். பின்னுக்கு இருந்து விழுந்தது நான்தானே. லேசாக் கழண்டாப் பரவாயில்லை, மெல்ல மெல்ல ஓடுறன்." அவள் சுவரில் தொங்கிய திருப்புளிகளைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். பேனை தாளில் நின்றது. ஒன்று என்று எழுத ஒரு கோடு போதும். அந்தக் கோட்டைப் போட அவன் கைக்கு ஏலவில்லை.

"அண்டைக்கு உன்ர பூட்டு ஐஞ்சரையில இருக்கேல்லை," என்றான்.

அவள் திரும்பினாள்.

"ஏழில இருந்தது. திங்கக்கிழமை நான் கூட்டினனான். நீ விழுந்தாப்பிறகு இங்க வந்து நான்தான் திருப்பி வைச்சனான். ஆஸ்பத்திரியில நீ கேட்டனீ. நான் பொய் சொன்னனான்." சொல்லிவிட்டான். ஆறு வசனம். மேலே ரெட்டோ சிரிப்பது கேட்டது.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். இடது காலை நீட்டியே உட்காருவாள் இப்போது. "அம்மாக்குத் தெரியுமோ?" இல்லை என்றான். "ரெட்டோவுக்கு?" இல்லை. நீட்டிய முழங்காலைத் தடவினாள். பிறகு, "நான்தானே கூட்டச் சொன்னனான்," என்றாள்.

"நீ சொல்லலாம். உனக்குப் பதினேழு வயசு. நான் செய்திருக்கக் கூடாது. வைத்தியர் சொன்ன மாதிரி ஐஞ்சரையிலயும் திறக்காமல் விட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா நான் அதை உனக்குத் தெரியாமல் மறைச்சிட்டன்."

"ரெண்டு வருஷம் அப்பா." குரல் உயரவில்லை, அதுதான் அவனைச் சுட்டது. "ஒவ்வொரு நாளும் படுக்கையில கிடந்துகொண்டு அந்த ஏழாம் கம்பத்தை ஓடி ஓடிப் பாத்தனான். எங்க பிழை விட்டனான், எங்க பிழை விட்டனான் எண்டு. நீங்கள் பக்கத்து அறையில இருந்தனீங்கள்."

அவன் திருப்புளியை எடுத்தான், ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்ததால். அவள் எழும்பி வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். "நீங்கள் தொடாதேங்கோ," என்றாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, வகை என்ற பெட்டியில் இரண்டு என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தத் தாள் இருக்கோ? அண்டைக்கு எழுதினது?" என்று கேட்டாள். இருக்கிறது. எந்தக் கோப்பில், மேலிருந்து எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வான்; இரண்டு வருஷமாய் அந்தத் தட்டுக்கு முதுகைக் காட்டித்தான் வேலை செய்கிறான். எடுத்து வைத்தான். அவனுடைய சொந்தக் கையெழுத்தில் ஐந்தரை. கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆரபி பேனையை அவனிடம் நீட்டினாள். அந்த வசனத்தை அவள் சொல்லவில்லை, அவனுக்குக் கேட்டது. ஐந்தரையை வெட்டி ஏழு என்று எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான்.

"மேல கொண்டுபோய் ரெட்டோவிட்டக் குடுங்கோ," என்றாள். "பின்னேரம் அம்மாக்கும் நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொல்லமாட்டன்."

கடை போகலாம், வேலை போகலாம், இருபத்துமூன்று வருஷம் போகலாம். அவன் தாளை எடுத்துக்கொண்டு படியேறினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து அட்டவணையில் விரலை வைத்து வரியைத் தேடிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் அவன் கால் நின்றது. கீழே திருகாணி திரும்புவது கேட்டது, சின்னச் சத்தம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்கீச் சப்பாத்தைப் போட்டு அதன் கொளுக்கிகளை அவள் ஒவ்வொன்றாக மாட்டினாள். ஸ்கீயை நிலத்தில் இறக்கி வைத்துக் காலைப் பூட்டுக்குள் அழுத்தினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தெரியும் அவனுக்கு, இப்போது அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு இடது காலை முறுக்கிப் பார்க்கிறாள், தைத்த முழங்காலை, பூட்டுத் திறக்கும் வரைக்கும் முறுக்க வேண்டும், திறக்குமா என்று தெரியாமல் முறுக்க வேண்டும். ஓடிப்போய்த் தோளைப் பிடிக்கக் கை பரபரத்தது. தொடாதேங்கோ என்றவள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், அந்தச் செம்மஞ்சள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல். மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள். ஒரு முனகல்.

டக்.

தவநேசன் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினான்.